அச்சாபீஸ்காரருக்கு நன்றி

மே 12, ஞாயிறு

அன்னையர் தினத்துக்கு தர்ஷிணி இந்த டைரியைக் கொடுத்தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கோடு போட்டு, இன்று யாருக்கு நன்றி என்று கேட்டிருக்கிறார்கள். தினமும் எழுதினால் மனசு லேசாகுமாம். பதினாறு வயசுப் பெண் எனக்குச் சொல்கிறாள். அவள் ஈரத் துண்டைக் கட்டிலில் போடாமல் இருந்தாலே என் மனசு பாதி லேசாகிவிடும். இருந்தாலும் ஆசையாகக் கொடுத்துவிட்டாளே என்று பேனாவை எடுத்துவிட்டேன்.

முதல் பக்கத்தில் கட்டம் கட்டமாகக் கேள்விகள். பெயர் செண்பகவல்லி. வயது நாற்பத்திரண்டு. ஊர் அம்பாசமுத்திரம், இப்போது அயோவாவில் டேவன்போர்ட். கணவர் இசக்கிமுத்து, டிராக்டர் கம்பெனியில் இன்ஜினியர். வேலை, ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாறுவது. படிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை அப்புறம் நிரப்பிக்கொள்ளலாம்.

நன்றி: தர்ஷிணிக்கு. துண்டு இன்னும் கட்டிலில்தான் கிடக்கிறது.

மே 15, புதன்

பள்ளி லைப்ரரியில் இருக்கும் அம்மாள் ஆகஸ்டில் ஓய்வு பெறுகிறார். பிரின்சிபால் சாப்பாட்டு வரிசைக்கே வந்து நின்று, அந்த வேலைக்கு நீ மனு போடு என்றார். ஐந்து வருஷமாகப் பார்க்கிறாராம். நானூறு பிள்ளைகளின் பெயரும், யாருக்கு எது பிடிக்காது என்பதும் எனக்குத் தெரிகிறதாம். இரண்டு வருஷக் கல்லூரிப் பட்டம் இருந்தால் போதும், உனக்குத்தான் பி.எஸ்ஸி.யே இருக்கிறதே, ஜூலை 31க்குள் சர்ட்டிஃபிகேட்டைக் கொண்டுவந்து கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். போன வருஷம் பள்ளிப் பிக்னிக்கில் இவர்தான் அவரிடம் என் மனைவி பி.எஸ்ஸி. மேத்ஸ் என்று பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

நான் தலையை ஆட்டினேன். அடுத்து வந்த பிள்ளையின் தட்டில் மக்காச்சோளத்தை மூன்று தடவை வைத்தேன் போலிருக்கிறது. அது என்னை நிமிர்ந்து பார்த்தது.

எனக்கு அந்த லைப்ரரி வேண்டும். இதை இங்கே எழுதுவதில் வெட்கமில்லை. ஐந்து வருஷமாகக் கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டு கரண்டி பிடித்திருக்கிறேன்.

நன்றி: பிரின்சிபாலுக்கு. தூக்கத்தைக் கெடுத்ததற்கும் சேர்த்து.

மே 17, வெள்ளி

சாயங்காலம் காலேஜுக்குப் போனேன். இங்கே உள்ள கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷமாக ஒவ்வொரு வகுப்பாக எடுத்து வருகிறேன். வீட்டில் பொழுதுபோக்குக்கு என்று சொல்லியிருக்கிறேன். ஊரில் படித்த மூன்று வருஷத்து மார்க் ஷீட்டையும் முன்பே கொடுத்து, அதற்குண்டான க்ரெடிட்டை வாங்கியாயிற்று. இரண்டு வருஷப் பட்டத்துக்கு இன்னும் இரண்டே பாடம்தான் பாக்கி. அமெரிக்க வரலாறு ஒன்று, ஸ்டாடிஸ்டிக்ஸ் ஒன்று.

வகுப்பில் உட்கார்ந்து முடித்தால் டிசம்பர் ஆகிவிடும். என் முகத்தைப் பார்த்துவிட்டு அட்வைசர் டோனா இன்னொரு வழி சொன்னார். பாடம் ஏற்கெனவே தெரிந்தவர்கள் வகுப்புக்கு வராமலே தகுதித் தேர்வு எழுதலாமாம். பாஸ் ஆனால் முழு க்ரெடிட்டும் கிடைக்கும். வரலாற்றுத் தேர்வு கம்ப்யூட்டரில். ஸ்டாடிஸ்டிக்ஸ் கணக்குத் துறையே நடத்துவது, பேப்பரில் எழுத வேண்டும். நூற்றுக்கு எழுபது எடுக்க வேண்டும், ஒரே ஒரு தடவைதான் விடுவார்கள்.

டோனா கையில் என் பழைய மார்க் ஷீட் இருந்தது. ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற வரியில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இரண்டு தேர்வுக்கும் என் பெயரைப் பதிந்துகொண்டார். வரலாறு ஜூன் 19, ஸ்டாடிஸ்டிக்ஸ் ஜூலை 18.

நன்றி: டோனாவுக்கு, ஒன்றும் கேட்காததற்கு.

மே 18, சனி

அத்தை வந்து இறங்கிவிட்டார். இவருடைய அம்மா, ஆவுடையம்மாள், எழுபத்தோரு வயசு, மூன்று மாத விடுமுறை. பெட்டியில் பாதி கூழ் வத்தல், பாதி மோர் மிளகாய். தனக்கென்று நான்கு சேலைதான். வந்த பத்தாவது நிமிஷம் என் அஞ்சறைப் பெட்டியில் சீரகமும் வெந்தயமும் இடம் மாறின.

இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு இப்போதே ஜூலை 18 வரை எண்ணத் தோன்றுகிறது. இத்தனை வருஷம் மறைத்ததை அத்தையை வீட்டில் வைத்துக்கொண்டு படித்து முடிக்க வேண்டும். நேரம் பார்த்து வந்திருக்கிறார்.

நன்றி: மோர் மிளகாய்க்கு.

மே 25, சனி

ஆவணி இருபதில் ஊரில் கட்டியிருக்கும் புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. நாத்தனார் வீட்டுக்காரர் பத்திரிகை வாசகத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். இட்லி சாப்பிட்டுக்கொண்டே எல்லோரும் படித்தோம். இந்தத் தடவையாவது என் பெயருக்குப் பின்னால் பி.இ. போடச் சொல்லுங்கள் அம்மா என்று இவர் ஆரம்பித்துவிட்டார். எத்தனையாவது தடவையோ.

எங்கள் கல்யாணத்துக்கு எல்லார் வீட்டையும் போல இரண்டு பத்திரிகை. எங்கள் வீட்டில் அடித்ததில் இவருக்கு பி.இ., எனக்கு பி.எஸ்ஸி. என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையில் இரண்டு பேருக்கும் வெறும் பெயர்தான். அவர்கள் குடும்பத்திலேயே முதல் இன்ஜினியர் இவர். பட்டம் வாங்கிய படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, வாசலில் நுழைகிற யாருக்கும் தெரிகிற மாதிரி மாட்டியவர் அத்தை. அப்படிப்பட்ட வீட்டுப் பத்திரிகையில் பி.இ. இல்லை என்றால் சொந்தக்காரர்கள் விடுவார்களா? அச்சாபீஸ்காரன் விட்டுட்டான் என்று எல்லோருக்கும் அத்தை பதில் சொன்னாராம். இருபத்தொரு வருஷமாக இவர் அந்த அச்சாபீஸ்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த மனிதரை நான் கண்ணால் பார்த்ததில்லை. இவர் திட்டும்போதெல்லாம் மனசுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போடுவேன். காரணத்தை இங்கே எழுத வேண்டியதில்லை.

பட்டமெல்லாம் இப்போது போட வேண்டாம், ஆகஸ்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று அத்தை சொல்லிவிட்டார். ஆகஸ்டில் அடித்து எப்போது ஊருக்குக் கொடுப்பது என்று இவர் முணுமுணுத்தார். அத்தை காதில் விழாத மாதிரி சட்னியை என் பக்கம் நகர்த்தினார்.

நன்றி: அச்சாபீஸ்காரருக்கு, வழக்கம் போல.

ஜூன் 4, செவ்வாய்

பள்ளி விடுமுறை. தர்ஷிணி நீச்சல் குளத்தில் கோடை வேலைக்குப் போகிறாள். ஸ்டாடிஸ்டிக்ஸ் புத்தகத்தை அத்தை வந்த நாளிலிருந்தே இட்லி அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் அதைத் திறப்பவள் நான் ஒருத்திதான். வரலாற்றுப் புத்தகம் சோபாவில் கிடக்கிறது. அமெரிக்காவில் இருப்பவள் அமெரிக்க வரலாறு படிப்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

ஜூன் 8, சனி

அத்தை என்னை என் சமையலறையிலிருந்து வெளியேற்றிவிட்டார். காலையில் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தேன், கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டார்.

"ஒங்கூட நாள் பூரா இருந்தா எனக்கு மூச்சு முட்டுது. பத்து மணிக்கு எங்கயாது போனேன்னா ஒரு மணிக்கு வா. சோறு நான் பொங்கி வைக்கேன்."

என் வீட்டில் எனக்கே மூச்சு முட்டலாம். அவருக்கு முட்டக் கூடாதாம். கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு ஊர் லைப்ரரிக்குப் போய் உட்கார்ந்தேன். போகும்போது கைப்பையில் அந்தப் புத்தகம் இருந்தது. மூன்று மணி நேரத்தில் இரண்டு அத்தியாயம் முடிந்துவிட்டது. திரும்பி வந்தபோது சுடு சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் இருந்தன. குழம்பு நன்றாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நன்றி: யாருக்கும் இல்லை. கோபம் இன்னும் போகவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இந்த வாரம் முழுக்க இதே கதை. பத்து மணி ஆனால் வாசலைக் காட்டுகிறார். ஒரு நாள் மழை பெய்தது. இன்றைக்குப் போகவில்லை அத்தை என்றேன். குடையை எடுத்து என் கையில் கொடுத்தார். இப்படி ஒரு மாமியார் யாருக்காவது வாய்த்திருக்கிறாரா தெரியவில்லை.

ஒரு விஷயம். அரிசி டப்பாவில் புத்தகத்துக்கு ஒரு பாலிதீன் கவர் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறது. நான்தான் போட்டிருப்பேன். எப்போது என்று ஞாபகம் வரவில்லை. வயசாகிறது.

ஜூன் 19, புதன்

வரலாறு பாஸ். ஐம்பது போதும், அறுபத்தொன்று வந்தது. கம்ப்யூட்டர் அங்கேயே சொல்லிவிட்டது. வீட்டில் ஒரே ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லாமல் கேசரி கிளறினேன். என்ன விசேஷம் என்று இவர் கேட்டார். ரவை பழசாகிறது என்றேன். அத்தை இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டார், சர்க்கரை இருப்பவர்.

நன்றி: ரவைக்கு.

ஜூன் 22, சனி

அத்தையை இந்தியக் கடைக்குக் கூட்டிப் போனேன். மானம் போயிற்று. வெண்டைக்காய்க் கூடையின் முன்னால் நின்று ஒவ்வொன்றாக நுனியை ஒடித்து, ஒடிந்ததைப் பையிலும் ஒடியாததைக் கூடையிலும் போட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கூடையில் மூக்கறுந்த வெண்டைக்காய்கள் ஒரு குவியல்.

எல்லாவற்றையும் ஒடித்துப் பார்த்தால் மற்றவர்கள் எதை வாங்குவார்கள் அத்தை என்று கேட்டேன். பத்துக் காயை ஒடித்தாலே கூடை எப்படி என்று தெரிந்துவிடும், எனக்குத் தெரியாதா, ஆனால் மேலாக இருக்கிற பத்தையே ஒடித்தால் ஏமாந்துவிடுவோம், அடியில் கையை விட்டுக் கலைத்து எடுக்க வேண்டும் என்றார். அப்புறம் ஏன் இத்தனை என்றால், ஒடிக்க ஆரம்பித்தால் கை நிற்க மாட்டேன் என்கிறதாம்.

நான் மன்னிப்புக் கேட்டு, ஒடிந்தது ஒடியாதது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன். நாளையும் மறுநாளும் வெண்டைக்காய்தான்.

ஜூன் 27, வியாழன்

மாதிரித் தேர்வு ஒன்று போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. விடைகள் சரியாகத்தான் இருக்கின்றன. ஊரில் நமக்குச் சொல்லிக் கொடுத்தபடி சூத்திரம் எழுதி, படிப்படியாகப் போட்டு, கடைசி விடையைக் கட்டம் கட்டி வைத்திருந்தேன். இங்கே கட்டத்துக்கு மார்க் குறைவு. இந்த விடைக்கு என்ன அர்த்தம், கணக்கே தெரியாத ஒருவருக்குப் புரிகிற மாதிரி எழுது என்று ஒவ்வொரு கேள்விக்கும் வால் இருக்கிறது. அந்த வாலில் எனக்கு ஒன்றுமே வருவதில்லை.

சரி, எழுதித் தொலைக்கிறேன். இந்தக் காகிதத்திலாவது.

என்னிடம் பி.எஸ்ஸி. இல்லை. கடைசி செமஸ்டரில் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர் போய்விட்டது. நூற்றுக்கு முப்பத்தொன்று. பரீட்சைக்கு முந்தின நாள் வீட்டில் விருந்தாளிகள், நான் படிக்கவில்லை. ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே அப்பா கல்யாணப் பத்திரிகையை அடித்துவிட்டார், பி.எஸ்ஸி. போட்டு. ரிசல்ட் வந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாதே, நவம்பரில் எழுதிக்கொள்ளலாம் என்றார். அந்த முப்பத்தொன்று வீட்டு மனிதர்களில் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அப்பா போய் எட்டு வருஷமாகிறது.

நவம்பரில் நான் இவர் வேலை பார்த்த புனேயில் இருந்தேன். தர்ஷிணிக்கு முன்னால் ஒன்று வயிற்றில் இருந்து தங்கவில்லை, அது அந்த மாதம்தான். ஊருக்கு வந்து ஒரு மாசம் என்னோடு இரு என்று அத்தை வாரத்துக்கு இரண்டு தடவை போன் பண்ணினார். வேலை வாங்கக் கூப்பிடுகிறார் என்று நான் போகவில்லை. பரீட்சை எழுதப் போகிறேன் என்று இவரிடம் எந்த வாயால் சொல்வது? அடுத்த ஏப்ரல், அடுத்த நவம்பர் என்று போய், எழுதும் காலக்கெடுவே முடிந்துவிட்டது.

அப்பா மேல் எனக்கு வருத்தம் உண்டு. நல்ல மனுஷர், அந்த ஒரு விஷயத்தில் என்னையும் சேர்த்துப் பொய்யாக்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை வந்தபோது என் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லாததைப் பார்த்து நான் அழுதேன். வருத்தத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு பத்திரிகையிலாவது பொய் இல்லையே என்று அழுதேன். அச்சாபீஸ்காரருக்கு ஏன் கும்பிடு போடுகிறேன் என்று இப்போது எழுதிவிட்டேன்.

ஜூலை 3, புதன்

நேற்றுப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வந்திருந்தார். மருமகள் என்ன படித்திருக்கிறாள் என்று அத்தையிடம் ஹிந்தியில் கேட்க, நான்தான் தமிழில் மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. நல்லா படிச்ச பொண்ணு, கணக்குல கெட்டி என்று அத்தை சொன்னார். இருபத்தொரு வருஷமாக யார் கேட்டாலும் இதே பதில்தான். ஒரு தடவையாவது வாய் திறந்து பி.எஸ்ஸி. என்று சொன்னது கிடையாது. மகன் பி.இ. என்று மட்டும் ஒரு நாளைக்கு மூன்று தடவை வரும். முன்பெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நேற்று சிரிப்பு வந்தது.

ஜூலை 11, வியாழன்

மாதிரித் தேர்வில் அறுபத்தாறு. இன்னும் நான்கு. மத்தியானம் வெண்டைக்காய்ப் பச்சடி.

ஜூலை 17, புதன்

நாளை. இவர் மில்வாக்கிக்கு இரண்டு நாள் வேலையாகப் போயிருக்கிறார். தேவலை. நாளைக்கு மட்டும் எட்டு மணிக்கே கிளம்ப வேண்டும் என்று அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே துணி மடித்தேன். அவரே ஆரம்பித்தார். நாளைக்கு வீட்டை முழுசாகக் கழுவப் போகிறாராம், விடிந்ததும் நான் கிளம்பிவிட்டால் நல்லதாம். கார்ப்பெட் போட்ட வீட்டை எப்படிக் கழுவுவார் என்று நான் கேட்கவில்லை. தப்பித்தால் போதும்.

ஜூலை 18, வியாழன்

காலையில் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். தினமும் பூசுகிறவர் இல்லை. தயிர்சாதம் கட்டித் தந்தார்.

பரீட்சை இரண்டரை மணி நேரம். முதல் பக்கத்தைப் பார்த்ததும் பேனா மூடியை இரண்டு தடவை மூடித் திறந்தேன். அதே பழைய பேப்பர் முன்னால் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. கணக்குகளை முதலில் முடித்தேன். பிறகு வால்கள். ஐந்தாவது கேள்வியில், ஒரு பல்பு கம்பெனி எல்லா பல்பையும் எரித்துப் பார்க்காமல் ஏன் நூறை மட்டும் எடுத்துப் பார்க்கிறது, அந்த நூறை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும், புள்ளியியல் தெரியாதவருக்கு எழுதிப் புரியவை என்று இருந்தது. இருபது மார்க்.

எனக்குப் புள்ளியியல் தெரியாத ஒருவரைத் தெரியும். என் மாமியார் வெண்டைக்காய் வாங்கப் போனார் என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எல்லாவற்றையும் ஒடித்தால் விற்க ஒன்றும் மிஞ்சாது என்று எழுதினேன். மேலாக இருப்பதை மட்டும் எடுத்தால் ஏமாந்துவிடுவோம், அடியில் கையை விட்டுக் கலைக்க வேண்டும் என்று எழுதினேன். ஒடித்த பத்துக் காயை வைத்துக் கூடையைப் பற்றி எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்று கணக்கும் போட்டேன். மற்ற வால்களும் அதற்குப் பிறகு வந்தன.

வீட்டுக்கு வந்தால் வீடு காலையில் விட்ட மாதிரியே இருந்தது. கழுவவில்லையா அத்தை என்றேன். தண்ணி சரியில்ல என்றார்.

நன்றி: வெண்டைக்காய்க்கு.

ஜூலை 24, புதன்

ரிசல்ட் இல்லை. போன் பண்ணினேன். திருத்த வேண்டிய பேராசிரியர் மீன் பிடிக்கப் போயிருக்கிறாராம். 31ஆம் தேதிக்குள் வரவில்லை என்றால் பிரின்சிபாலிடம் போய் என்னிடம் பட்டம் கிடையாது, எப்போதுமே இருந்ததில்லை என்று சொல்ல வேண்டும். இவரிடமும் சொல்ல வேண்டும். மீனாவது சீக்கிரம் கடிக்கட்டும்.

ஜூலை 29, திங்கள்

எழுபத்தாறு.

பதினொரு மணிக்கு டோனா மெயில் அனுப்பினார். வெண்டைக்காய் விடையைத் துறையில் எல்லோரும் வாசித்தார்களாம், அதற்கு முழு மார்க். லைப்ரரி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பு சரியில்லையா என்று ஒரு பெரியவர் வந்து கேட்டார்.

வீட்டுக்கு வந்தேன். அத்தை சாப்பாட்டு மேஜையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். பாஸ் ஆகியும் வாய் வரவில்லை. பாஸ் ஆனதைச் சொல்ல வேண்டுமென்றால் ஃபெயில் ஆனதை முதலில் சொல்ல வேண்டுமே. நானும் கொஞ்சம் கீரையை எடுத்து ஆய்ந்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"அத்தை, பி.எஸ்ஸி.யில ஒரு பேப்பர் நான் பாஸ் பண்ணவே இல்ல. இன்னைக்குத்தான் பண்ணினேன்."

அவர் நிமிரவில்லை. எவ்வளவு என்று மட்டும் கேட்டார். எழுபத்தாறு என்றேன்.

"அன்னைக்கு முப்பத்தொண்ணு" என்றார்.

கீரை என் கையிலேயே இருந்தது.

அப்புறம் அவர் சொன்னதையெல்லாம் நான் கேட்டபடியே எழுதி வைக்கிறேன். ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் அப்பா சைக்கிளில் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. பொண்ணு ஒரு பேப்பர் விட்டிருக்கிறாள், முப்பத்தொன்றுதான், நான் பத்திரிகையை அடித்துவிட்டேன், சொல்லாமல் கட்டிக் கொடுத்தால் எனக்கு மனசு ஆறாது, இனி உங்கள் இஷ்டம் என்று சொல்லியிருக்கிறார். நான் வந்து சொன்னது அவளுக்குத் தெரிய வேண்டாம், உடைந்து போவாள் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மனுஷர் பொய் சொன்னார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"நான் சொன்னேன், அண்ணாச்சி, நீங்க எதுக்குத் தலையக் குனியுதீய? பரீட்சைக்கு மொத நாளு பொண்ணு பாக்க வந்து, படிக்கிற புள்ளயச் சேல கட்டி நிக்க வச்சது நாங்க. எங்களால போன பேப்பரு அது."

நான் ஜூன் 27 பக்கத்தில் விருந்தாளிகள் என்று எழுதியிருக்கிறேன். அந்த விருந்தாளிகள் இவர்கள்தான்.

அவர்கள் வீட்டுப் பத்திரிகை அன்று மத்தியானம் அச்சுக்குப் போக வேண்டியிருந்ததாம். அத்தை மேலும் சொன்னார்.

"ஒம் பேருக்குப் பின்னால போட்டா பொய்யி. ஒனக்குப் போடாம இவனுக்கு மட்டும் போட்டா, பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு ஊரு தோண்டும். அதான் நானே போயி ரெண்டையும் எடுக்கச் சொன்னேன். அச்சாபீஸ்காரன் பாவம், அவன் என்ன செய்வான்."

உங்கள் மகன் பெயரில் பி.இ. பார்க்க உங்களுக்கு ஆசை இல்லையா அத்தை என்று கேட்டேன். ஆசயாத்தான் இருந்துச்சு, என்ன செய்ய என்று சொல்லிவிட்டு ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

நவம்பரில் வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டது பரீட்சை எழுத வைக்கத்தானாம். நீயாகச் சொல்லுகிற வரைக்கும் வாய் திறக்க மாட்டேன் என்று அப்பாவிடம் வாக்குக் கொடுத்ததால் காரணம் சொல்லவில்லையாம். அரிசி டப்பாவில் புத்தகத்தைப் பார்த்தது வந்த வாரமே, இட்லிக்கு ஊற வைக்கப் போனபோது; பரீட்சைத் தேதி போட்ட சீட்டும் அதற்குள்ளேயே இருந்ததாம். அரிசியில் பூச்சி வந்தால் புத்தகம் பாழாகிவிடும் என்று கவர் போட்டது அவர்தான்.

நான் மேஜையைச் சுற்றிப் போய் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். நாற்பத்திரண்டு வயசில். கீரைக் கையாலேயே என் தலையைத் தடவினார். அப்புறம், எழும்பு, குழம்பு வைக்கணும் என்றார். மகனுக்கு ஒன்றும் தெரியாது, சொல்வதும் சொல்லாததும் உன் பாடு என்றும் சொன்னார்.

நன்றி: இன்றைக்கு இந்தக் கோடு போதாது.

ஜூலை 31, புதன்

காலேஜ் கொடுத்த கடிதத்தை பிரின்சிபாலிடம் கொடுத்தேன். பட்டம் தபாலில் வரும், கடிதமே போதும் என்றார்கள். நான் பி.எஸ்ஸி. இல்லை, இதுதான் என் முதல் பட்டம் என்று அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். வாழ்த்துகள், திங்கட்கிழமை சாவி வாங்கிக்கொள் என்றார். அவ்வளவுதான். இதற்கா இருபத்தொரு வருஷம்.

இவர் காரில் காத்திருந்தார். கார் கிளம்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முப்பத்தொன்று, அப்பாவின் சைக்கிள், அத்தை, அச்சாபீஸ் எல்லாம். சாவியைத் திருகப் போனவர் கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

"அப்போ அந்த அச்சாபீஸ்காரன் மேல ஒரு தப்பும் இல்லையா?" என்றார்.

இல்லை என்றேன். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நீ தனியாகவே இதைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாயே என்றார். வீடு வரும் வரை கையை விடவில்லை, ஒரு கையாலேயே ஓட்டினார்.

நன்றி: இசக்கிமுத்து பி.இ.க்கு.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலையில் லைப்ரரி சாவி கைக்கு வந்தது. மஞ்சள் கயிற்றில் கோத்திருக்கிறேன்.

மத்தியானம் பால்காய்ப்புப் பத்திரிகையின் புரூஃப் வந்தது. போன வாரமே அத்தை ஊருக்குப் பேசி, இசக்கிமுத்து பெயருக்குப் பின்னால் பி.இ., செண்பகவல்லி பெயருக்குப் பின்னால் ஏ.எஸ்., அதாவது அசோசியேட் ஆஃப் சயன்ஸ் என்ற என் இரண்டு வருஷப் பட்டம், போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் நான்கு தடவை கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டார். வீட்டில் எல்லோரும் போனைச் சுற்றி நின்று பார்த்தோம். இவர் பெயருக்குப் பின்னால் பி.இ. பளிச்சென்று இருந்தது. என் பெயர் வெறும் செண்பகவல்லி. இந்தத் தடவை உண்மையாகவே விட்டுவிட்டார்கள்.

பரவாயில்லை அத்தை, அடித்தது அடித்ததாக இருக்கட்டும் என்றேன். நிஜமாகவே எனக்குப் பரவாயில்லைதான். அத்தை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாத்தனார் வீட்டுக்காரரை எழுப்பி, அவரைக் கொண்டு அச்சாபீஸ்காரரை எழுப்பி, போனை வாங்கச் சொன்னார். ஊரில் அப்போது இரவு பதினொன்றரை.

"இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால விடச் சொன்னேன், விட்டீய, சரி. இன்னைக்கு எவன் விடச் சொன்னான்? எம் மருமவ டிகிரிக்காரி. எழுத்து ஒண்ணு கொறஞ்சாலும் பத்திரிகைய வாங்க மாட்டேன்."

பாவம், அவர் அந்தப் பழைய அச்சாபீஸ்காரரின் மகனாம். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. தர்ஷிணி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஒரு மணி நேரத்தில் புதுப் புரூஃப் வந்தது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் பெயரின் மேல் விரலை வைத்து, ஏ.எஸ். வரைக்கும் எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு பஞ்சாபி அம்மாள் வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்து வரச் சொன்னார்.

டைரியின் முதல் பக்கத்துக்குப் போய், படிப்பு என்ற கட்டத்தை நிரப்பினேன்.

நன்றி: அத்தைக்கு. அப்பாவுக்கு. இந்த அச்சாபீஸ்காரருக்கு மட்டும் கிடையாது.